முதலில் ரயில் தடம், பிறகுதான் வீடு: கோலாலம்பூரில் தங்கி வேலை செய்து ஊர் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்து, பல ஆண்டுகளாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கிருந்தபடியே வேலை செய்கிறேன். கோவை, சென்னை, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ இருந்து மடிக்கணினியோடு வருகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் தங்கிப் பார்க்க என்னிடம் வழி கேட்பார்கள். அவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டின் படத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிடுவார்கள். பிறகு ரயில் எங்கே என்று தேடுவார்கள். வேலை நேரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் யோசிப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் கோலாலம்பூர் மிகவும் இணக்கமான ஊர். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒரு சொல்: மலேசிய நாணயமான ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன்: அனுமதியும் காகிதங்களும்

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். மற்ற நாட்டவர்கள் குடிநுழைவுத் துறையின் அதிகாரபூர்வ தளத்தில் தங்கள் நாட்டுக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரர் போன்ற சிலரைத் தவிர மற்ற வெளிநாட்டவர் எல்லாரும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி; உடனே மூடிவிடுங்கள். அவசரத்தில் தேடுபொறியின் முதல் வரியைத் தட்டி, அட்டை விவரத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நீண்ட காலம் தங்கி வேலை செய்ய நினைப்பவர்களுக்காகவே 'டிஇ ரந்தாவ்' என்ற நோமாட் பாஸ் 2022 முதல் இருக்கிறது. 'மெரந்தாவ்' என்றால் மலாயில் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போவது; நம் முன்னோர் கப்பலேறி வந்த கதைக்கும் பொருந்துகிற சொல். பாஸ் மூன்று மாதம் முதல் 12 மாதம் வரை கிடைக்கும். அதை இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். மற்றத் துறையினருக்கு வரம்பு 60,000 டாலர். கட்டணம் சுமார் 1,000 வெள்ளி. உடன் வரும் குடும்பத்தினருக்குத் தனி. வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். முடிவு வரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

இரண்டு சிறு விஷயங்கள். இங்குள்ள மின்செருகி தட்டையான மூன்று கால் கொண்டது. இந்தியாவின் உருண்டைக் கால் செருகி உள்ளே போகாது. மாற்றுச் செருகி இரண்டு வாங்கி வாருங்கள். தங்குமிடத்தை முதல் ஏழு முதல் பத்து இரவுகளுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏன் என்பது நான்காம் படியில் புரியும்.

2. உங்கள் நாளை ஒரு தாளில் வரையுங்கள்

கோலாலம்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இந்திய நிறுவனத்தின் காலை 9.30 இங்கே நண்பகல் 12. மாலை 6.30 இங்கே இரவு 9. லண்டன் காலை 9 மணி குளிர்காலத்தில் இங்கே மாலை 5, கோடையில் மாலை 4. சிட்னிக்கு வேலை செய்பவர்கள் விடியும் முன்பே உட்கார வேண்டும்.

இதைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ வேலை செய்பவர்களுக்குக் காலை முழுவதும் கையில் இருக்கிறது. இந்த ஊரில் நடக்க ஏற்ற நேரமும் காலைதான், ஏனென்றால் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கிலோ அதற்குப் பிறகோதான் எட்டிப் பார்க்கும். சென்னை வழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து வெளியே பார்த்துவிட்டு, "இன்னும் இருட்டா?" என்று திரும்பப் படுப்பவர்கள் உண்டு. ஏழே காலுக்கு வாசலில் நிற்பது சரியான கணக்கு.

வேலை முடியும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில்கள் காலை ஆறு மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவோடு நின்றுவிடும். இரவு ஒரு மணிக்கு வேலை முடிகிறவர் வெளியிடத்தில் மேசை பிடித்தால் தினமும் கிராப் செயலியில் அழைக்கும் வாடகை வண்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு வீட்டிலேயே நல்ல இணையம் இருப்பது அவசியம். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்தபடிதான்.

3. முதல் நாள்: சிம், அட்டை, பணம்

சிம் அட்டையைக் கடப்பிதழைக் காட்டித்தான் பதிய முடியும். விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். கிராப் செயலி, வங்கிக் குறுஞ்செய்தி எல்லாமே அதன் பிறகுதான் ஓடும். உங்கள் ஊர் எண்ணையும் அணைக்காமல் வைத்திருங்கள். ஊர் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதில்தான் வரும்.

விமான நிலையத்திலிருந்து ஊரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், கட்டணம் 55 வெள்ளி. பேருந்து அதைவிட மிக மலிவு, ஆனால் நெரிசலில் மாட்டினால் நேரம் போகும். இரண்டு பேராக, பெட்டிகளோடு வந்தால் கிராப் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது 'டச் அண்ட் கோ' அட்டை. எல்ஆர்டி, எம்ஆர்டி எனும் நகர ரயில்கள், மோனோரயில், கேடிஎம் கொம்யூட்டர் எனும் புறநகர் ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டை போதும். கைத்தொலைபேசியின் பின்புறம் வைத்துப் பணம் ஏற்றக்கூடிய புதிய வகை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பழைய வகையானால் பணம் ஏற்ற இயந்திரத்தையோ கடையையோ தேடி அலைய வேண்டும். ரேபிட் கேஎல் பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். இறங்கும்போது தொட மறப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை.

கையில் நூறு வெள்ளியாவது சில்லறையாக வைத்திருங்கள். கியூஆர் குறி இல்லாத கடை அரிதாகிவிட்டாலும், காலைச் சந்தையில் நாசி லெமாக் விற்கும் அக்காவிடம் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினால் அவர் பாவம், எங்கே போவார்?

4. தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் ஒரு வாரம் மட்டும் தங்குமிடம் போடச் சொன்னேன். அந்த வாரத்தில் வீடு பார்க்காதீர்கள். ரயிலில் ஏறி இறங்குங்கள்.

கிளானா ஜெயா எல்ஆர்டி தடம் கேஎல்சிசி, மஸ்ஜித் ஜாமெக், பாசார் செனி, கேஎல் சென்ட்ரல், பங்சார், பெட்டாலிங் ஜெயா எனப் போகிறது. ஊரின் முதுகெலும்பு இதுதான், கூட்டமும் இதில்தான். காஜாங் எம்ஆர்டி தடம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கமிருந்து பாசார் செனி, புக்கிட் பிந்தாங் வழியாக செராஸ் போகும், பெட்டிகள் விசாலம். புத்ராஜெயா எம்ஆர்டி தடம் வந்தபின் எங்கள் செந்தூலுக்கும் புதிய வழி கிடைத்திருக்கிறது. வாடகை நடுநகரத்தைவிடக் குறைவு. கொம்யூட்டர் ரயில் கிள்ளானுக்கும் பத்துமலைக்கும் நல்லது. ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பு நீளும், தினசரி நம்பிக்கைக்கு ஆகாது.

வரைபடத்தில் 'இணைப்பு நிலையம்' என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மஸ்ஜித் ஜாமெக், பாசார் செனி, டிஆர்எக்ஸ் ஆகியவற்றில் கதவைத் தாண்டாமலே தடம் மாறலாம். கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் பிடிக்க வேண்டுமென்றால் எல்ஆர்டியை விட்டு வெளியேறி, நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்து, கடைகளைக் கடந்து மறுபுறம் போக வேண்டும். பெட்டியோடு வந்த ஒரு தங்கையை அங்கே ஒரு தூணருகே கண்டுபிடித்தேன். "ரெண்டு தடவ இதே செருப்புக் கடைய சுத்திட்டேன்க்கா" என்றாள். எம்ஆர்டிக்கு அங்கிருந்து இணைப்பு நடைபாதை வழியாக முசியம் நெகாரா நிலையத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு நல்ல நடை.

தேர்வுக்கு என் அளவுகோல் இது: உங்கள் வேலை மேசையும் வீடும் ஒரே தடத்தில் இருக்க வேண்டும். மாறாமல் போகும் 25 நிமிடம், மாறிப் போகும் 20 நிமிடத்தைவிட இலகு. மொன் கியாரா போன்ற பகுதிகளில் அழகான கொண்டோக்கள் (அடுக்குமாடிக் குடியிருப்புகள்) உண்டு, வெளிநாட்டவரும் அதிகம். ஆனால் அங்கே ரயில் கிடையாது. ஊர் சுற்ற வந்தவருக்கு அது சரிப்படாது.

5. இப்போது வீடு

என்னோடு வேலை செய்யும் கோவைத் தம்பி ஒருவர் 'நிலையத்திலிருந்து 600 மீட்டர்' என்ற விளம்பரத்தை நம்பி அறை எடுத்தார். அந்த 600 மீட்டருக்கு நடுவே ஆறு வழி நெடுஞ்சாலை. கடக்கும் பாலம் இருந்த இடத்துக்குப் போகவே அதே அளவு நடக்க வேண்டும், பாதி வழியில் நடைபாதை இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் கிராப். ஆகவே வீடு பார்க்கும் முன் நிலையத்திலிருந்து நீங்களே நடந்து பாருங்கள்: நண்பகல் வெயிலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை. தெருவிளக்கு, கூரையிட்ட பாதை, நாய்த் தொல்லை எல்லாம் அப்போதுதான் தெரியும்.

முழு வீட்டுக்கு வழக்கமான கணக்கு: பாதுகாப்பு முன்பணம் இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாதப் பணம் கையில் வேண்டும். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டுக்குப் போடச் சொல்வார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு வருபவர்களுக்குப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைதான் பொருத்தம், முன்பணமும் குறையும். குறுகிய கால வாடகையைச் சில கொண்டோ நிர்வாகங்கள் தடை செய்திருக்கின்றன. வீட்டுக்காரர் சரி என்றாலும் காவலர் அறையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று எழுதிய விளம்பரங்களை நீங்கள் பார்க்க நேரும். இங்கேயே பிறந்த எங்களுக்கும் அது வலிக்கிறது. அதற்காக மனம் உடைந்து கிடைத்ததை எடுக்காதீர்கள். முதல் செய்தியிலேயே நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை மாதம் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். தயங்குபவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள், நேரில் போய் அவமானப்படும் வேலை மிச்சம்.

அறையைப் பார்க்கும்போது கதவைச் சாத்திவிட்டு, வீட்டு வைஃபையில் யாரையாவது காணொளியில் அழைத்துப் பேசுங்கள். பதிவேற்ற வேகம் குறைவாக இருந்தால் எதிர்முனையில் உங்கள் முகம் உறையும்; பதிவிறக்க வேகத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது. பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கிறதா என்று சன்னல் வழியே பாருங்கள். குளிர்சாதனத்துக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

பார்க்காமல் பணம் அனுப்பவே கூடாது. சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, குழாய், மின்னளவி எண் எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். முன்பு நான் குடியிருந்த ஒரு வீட்டில், நான் வருவதற்கு முன்பே இருந்த சுவர்க் கறைக்காக என் முன்பணத்தில் பிடித்தார்கள். காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

6. வேலை மேசை

வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். மின்தடையோ இணையத் தடையோ வரும் நாளில் மாற்று தேட நேரம் இருக்காது.

பகிர்பணியிடங்கள் ஏராளம். மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் கட்டணத்தில் உங்கள் வேலை நேரத்திலேயே போய் உட்காருங்கள். இரவு ஒன்பது வரை வேலை என்றால், ஏழு மணிக்கே குளிர்சாதனத்தை நிறுத்தும் இடம் உதவாது. பேசும் அறையை எவ்வளவு முன்பதிவு செய்யலாம் என்பதையும் கேளுங்கள்.

காபிக்கடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பானமாவது வாங்குவது மரியாதை. வார இறுதியில் மடிக்கணினி வேண்டாம் என்று பலகை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. மாமாக் கடை எனும் தமிழ் முஸ்லிம் உணவகம் நள்ளிரவிலும் திறந்திருக்கும், எழுத்து வேலைக்கு நல்ல இடம். இணையவழி அலுவல் கூட்டத்தில் பேச மட்டும் உதவாது: மேலே காற்றாடி, எதிரே திரையில் கால்பந்து.

7. காலை நேரத்தில் ஊர்

இதற்குத்தானே வந்தீர்கள். என் முறை: ஒரு காலைக்கு ஒரு நிலையம். ஓரிடத்தில் இறங்கி, நடந்து, அதே தடத்தின் அடுத்த நிலையத்தில் ஏறுங்கள். களைத்தாலும் மழை பிடித்தாலும் ரயில் பக்கத்திலேயே இருக்கும். வரைபடத்தில் பத்து இடத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டு கிராப்பில் தாவுகிறவர்களுக்கு நெரிசல்தான் மிஞ்சும்.

முதல் நடையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். பாசார் செனியில் ஏழரைக்கு இறங்கி, ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள மகாமாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். வாசலில் ஈர மல்லிகையும் ஊதுபத்தியும் மணக்கும். அங்கிருந்து சென்ட்ரல் மார்க்கெட்டைக் கடந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்தில் மஸ்ஜித் ஜாமெக்கைப் பாருங்கள். அப்படியே லெபோ அம்பாங்கில் நுழைந்து பசியாறுங்கள். துணிக்கடைகள் திறக்கும் பத்து மணி வாக்கில் மஸ்ஜித் இந்தியா தெருவைச் சுற்றிவிட்டு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ஏறினால், பதினொன்றரைக்கு மேசையில் இருக்கலாம்.

அடுத்தடுத்த காலைகளுக்கு புடு சந்தை, சௌகிட் சந்தை, கம்போங் பாரு, தாமான் துன் சந்தை. பத்துமலைக்கு வாரநாளில், எட்டு மணிக்கு முன். 272 படியும் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். கையில் நெகிழிப் பை வேண்டாம், குரங்கு பறித்துவிடும். கொம்யூட்டர் நேர அட்டவணையைத் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி: எந்த எழுத்துள்ள வாசல் எங்கே விடுகிறது, கழிவறை எங்கே, மழைக்கு ஒதுங்க எது. என்னுடையதில் புக்கிட் பிந்தாங் வரியின் கீழ் 'பவிலியனிலிருந்து கேஎல்சிசி வரை குளிர்சாதன நடைபாலம், குடை வேண்டாம்' என்று இருக்கிறது. அந்த ஒரு வரி எத்தனையோ மாலைகளில் கைகொடுத்திருக்கிறது.

தோள்பை சாலைப் பக்கம் தொங்கக் கூடாது. கடைப் பக்கத் தோளில் மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. கைத்தொலைபேசியில் வழி பார்க்க வேண்டுமானால் சுவரோரம் நின்று பாருங்கள்.

8. மழையும் நாட்காட்டியும்

மழை கொட்டும்போது கிராப் விலை ஏறும், வண்டியும் வராது. முக்கால் மணி நேரம் பொறுத்தால் இரண்டும் சரியாகும். ஆகவே பிற்பகல் கூட்டத்துக்கு முன் பயணம் வைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிய தெருக்கள் அடைத்துக்கொள்ளும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பல பகலில் மூடியிருக்கும். மாலையில் நோன்புச் சந்தைகள் களைகட்டும், தவறவிடாதீர்கள். நோன்புப் பெருநாளுக்கு ஊரே கிராமத்துக்குப் போய்விடும். அந்த வாரத்துக்கு முன்பே பொருள் வாங்கி வையுங்கள்.

9. கடையில் கேட்கும் முறை

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியாவில் தமிழிலேயே கேட்கலாம். "பசியாறிட்டீங்களா?" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள். வயதுக்குத் தக்கபடி அண்ணே, அக்கா, தம்பி என்று அழைத்தாலே முகம் மலரும்.

தேநீருக்கு மட்டும் தனி மொழி. 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பால் சேர்த்தது. 'தே ஓ' பாலில்லாதது, சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' சீனியும் இல்லாதது. 'தே சி' இனிப்பில்லாத டின் பாலும் சீனியும் சேர்ந்தது. "டீ, சக்கர கம்மி" என்று கேட்டவருக்கு நுரை ததும்பும் இனிப்புத் தே வந்ததைப் பார்த்திருக்கிறேன். "குராங் மானிஸ்" என்று சேர்த்துச் சொன்னால் இனிப்பு குறையும். கட்டிக்கொண்டு போக "பூங்குஸ்".

10. கிளம்பும்போது

ஒப்பந்தத்தில் எழுதியபடி முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு போதாது. கடைசி மின்கட்டணம் வரும் வரை முன்பணத்தைத் தரமாட்டார்கள். விமானத்துக்கு இரண்டு வாரம் முன்பே மின்னளவி எண்ணைப் படம் எடுத்து அனுப்பிக் கணக்குப் பாருங்கள். நுழைவு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் முன்பணம் எந்த வழியில் திரும்பும் என்பதைச் சாவி வாங்கும் நாளிலேயே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

டச் அண்ட் கோ அட்டையையும் அந்தக் குறிப்பேட்டையும் அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.